விடைகொடுக்கும் நாற்காலி

என் அண்ணிக்கு இனிக்க இனிக்கப் பேசத் தெரியாது. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே, நான் பார்த்துப் பார்த்துச் செய்த சாப்பாட்டை ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பு இல்ல, சரியா வேகவும் இல்ல" என்று சொன்னவள். நாத்தனாரிடம் புதுப்பெண் பேசுகிற பேச்சா அது? எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டைப் பிடுங்கியிருப்பேன். பிறகு நானும் ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். உப்பு இல்லை, வேகவும் இல்லை.

அவள் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனவர்களை எழுப்பி உட்காரவைத்து, உட்கார்ந்தவர்களை நிற்கவைத்து, நின்றவர்களை நடக்கவைப்பது அவள் வேலை. எங்கள் வட்டாரத்தில் அவளுக்கு நடைக்காரம்மா என்று பேர். தெருமுனையில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து கிளினிக் வைத்திருந்தாள். உள்ளறையில் ஒரு கட்டில், பிடித்து நடக்க இரண்டு நீளக் கம்பிகள், ஆளுயரக் கண்ணாடி. வெளியறையில் நான். போன் எடுப்பது, நேரம் சொல்வது, நோயாளிகளின் இடுப்பில் கட்டிப் பிடிக்கிற பெல்ட்டுகளைத் துவைத்துக் காயப்போடுவது, காத்திருப்பவர்களோடு ஊர்வம்பு பேசுவது எல்லாம் என் பொறுப்பு. அண்ணி என்னை வாயாடி என்று கூப்பிடுவாள். நாளடைவில் நோயாளிகளும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

அவளிடம் நோயாளிகளுக்குக் கிடைப்பது மொத்தமே மூன்று வார்த்தைகள். 'இல்ல', 'இன்னும்', 'ம்'. காலை நன்றாகத் தூக்கி வைத்தால் 'ம்'. அந்த 'ம்' கிடைத்தவர் வெளியறைக்கு வந்து என்னிடம், "கேட்டுச்சா, ம் போட்டாங்க" என்று பெருமையடித்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார். எதிர்ச்சாரியில் மெஷின்களும் கலர் விளக்குகளுமாக ஒரு புது கிளினிக் வந்தது. அங்கே விரலை அசைத்தாலே "சூப்பர், பிரமாதம்" என்பார்கள். நம் ஆட்கள் அங்கே போய் ஒரு மாதம் பிரமாதமாக இருந்துவிட்டு, அப்படியே விழுந்த நிலையில் இங்கே திரும்பி வருவார்கள். "அவங்க நல்லா இருக்குன்னு சொன்னா நம்ப முடியலம்மா. நீங்க இல்லன்னு சொன்னாக்கூடப் போதும்" என்று ஒருவர் சொன்னதை என் காதால் கேட்டேன்.

ஆனால் நம்பிக்கையை வைத்து வாடகை கொடுக்க முடியாது. அண்ணி ஒருவரைக் கட்டிலில் ஏற்றினால் அவருக்கு வேண்டிய மட்டும் பார்ப்பாள். அடுத்தவர் வெளியே உட்கார்ந்து என் வம்பைக் கேட்டு அலுத்து எழுந்து போய்விடுவார். பாரமான உடம்புகளைத் தாங்கித் தாங்கி அவளுடைய வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. சாப்பிடும்போது டம்ளரைக்கூட இரண்டு கையால் பிடித்தாள். கிளினிக்கை மூடிவிட்டுப் பழையபடி ஆஸ்பத்திரி வேலைக்கே போகலாமா என்ற பேச்சு வந்தது. அங்கே கட்டிலுக்குக் கால்மணி நேரம்தான். அதற்குள் ஒரு ஆளை நிற்கவைக்கக்கூட முடியாது, ஆனால் செய்ததாகக் கையெழுத்து போடவேண்டும். அது பிடிக்காமல்தான் அவள் வெளியே வந்தாள்.

என் அண்ணன் லிஃப்ட் ரிப்பேர் செய்பவன். எங்கே யார் மாட்டிக்கொண்டாலும் கதவைத் திறந்துவிட்டுப் பழகியவன். ஒருநாள் போனை நீட்டினான். சேவைத் துறையில் இருப்பவர்களுக்கான தொழில் பயிற்சி, குழுவாகக் கற்கலாம், விழுமியங்களை விடாமல் வளரலாம் என்று போட்டிருந்தது.

"விழுமியம்னா என்ன?" என்றேன்.

"கொள்கை மாதிரி."

"அப்ப கொள்கைன்னே போட்டிருக்கலாமே."

"கொள்கைன்னு போட்டா யாரு ஃபீஸ் கட்டுவா?" என்றான்.

அண்ணி சிரிக்கவில்லை. வீங்கிய கையைப் பார்த்துக்கொண்டே, "போய்த்தான் பாக்கலாம்" என்றாள். உதவிக்கு ஒரு ஆளை அழைத்து வரலாம் என்று இருந்ததால் நானும் தொற்றிக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம், ஒரு கடைக்கு மேலே இருந்த ஹாலில் வகுப்பு. மேசை கிடையாது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வட்டத்தில் இருந்தவர்கள் எல்லாரும் பிறரைப் பார்த்துக்கொள்கிறவர்கள். பேச்சு வராத குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு ஆள், ஒரு கவுன்சலர், பிரசவம் பார்க்கும் நர்ஸ், இன்னும் சிலர். ஊரையே பார்த்துக்கொள்ளும் அத்தனை பேர் முகத்திலும் தூக்கம் கெட்டுக் கிடந்தது. நடத்தியவர் முன்னாளில் நர்ஸாக இருந்த ஒரு அம்மாள். நாங்கள் அவருக்கு விழுமியம் மேடம் என்று பேர் வைத்தோம். தொட்டில் குழந்தை எழுந்துவிடக் கூடாது என்பதைப்போல மெதுவாகப் பேசுவார். யாரையும் தப்பு என்று சொல்லமாட்டார். "இதை இன்னும் கொஞ்சம் கனிவாப் பாக்கலாமா?" என்பார். அப்படிச் சொன்னால் தப்பு என்று அர்த்தம்.

எல்லாமே அபத்தம் என்று சொன்னால் எனக்கே அடுக்காது. சாப்பிடும்போது போனை எடுக்காதீர்கள், வாரத்தில் ஒருநாள் கதவைச் சாத்துங்கள் என்றார். அதெல்லாம் நியாயமான பேச்சு. அண்ணி அன்றிலிருந்து சூடாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.

இரண்டாவது வகுப்பில் ஆளுக்கொரு அட்டையும் பென்சிலும் கொடுத்து, உயிரைக் கொடுத்தாலும் விடமாட்டேன் என்கிற ஒரே ஒரு விழுமியத்தை எழுதச் சொன்னார். அண்ணி யோசிக்கவே இல்லை. 'பொய் சொல்ல மாட்டேன்' என்று எழுதினாள்.

"அழகு," என்றார் மேடம். "ஆனா இது மாட்டேன்னு முடியுது. விழுமியம்னா அதுல ஒரு ஆமா இருக்கணும்."

"அப்ப, உண்மையச் சொல்வேன்."

"உண்மை சில நேரம் காயப்படுத்திடும் இல்லையா? நாம காயத்தை ஆத்தறவங்க. இதை இன்னும் கொஞ்சம் கனிவாப் பாக்கலாமா?"

வட்டத்தில் இருந்து யாரோ, "கனிவுன்னே எழுதிடுங்களேன்" என்றார்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். அண்ணி என்னைப் பார்த்தாள், பிறகு ரப்பர் கேட்டு வாங்கி அழித்துவிட்டுக் கனிவு என்று எழுதினாள். பென்சில் கொடுத்ததே அதற்குத்தான் போலிருக்கிறது.

அந்த வகுப்பின் உச்சம் நாற்காலி. வாரம் ஒருவர் வட்டத்தின் நடுவில் போட்ட நாற்காலியில் உட்காரவேண்டும். தன்னிடம் வருகிற ஒவ்வொருவரைப் பற்றியும் சொல்லவேண்டும். யார் நம் சக்தியை அதிகமாக உறிஞ்சுகிறார்கள், யாரால் தொழில் வளராமல் நிற்கிறது என்று வட்டம் கேட்டு முடிவு செய்யும். அந்த ஆளை அந்த இடத்திலேயே, அந்த நாற்காலியில் இருந்தபடியே, போனில் கூப்பிட்டு அனுப்பிவிடவேண்டும். ஸ்பீக்கர் போட்டு. பத்துப் பதினைந்து பேர் கேட்டுக்கொண்டிருப்பது அந்தப் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. நம் பேச்சில் இதற்குக் கழட்டி விடுவது என்று பேர். மேடம் இதற்கு விடைகொடுத்தல் என்று பேர் வைத்திருந்தார்.

விடைகொடுக்கவும் விதி உண்டு. பாராட்டில் ஆரம்பித்துப் பாராட்டில் முடிக்கவேண்டும். காரணம் சொல்லக் கூடாது, சொன்னால் வாக்குவாதம் வரும். மன்னிப்புக் கேட்கக் கூடாது, கேட்டால் நாம் ஏதோ தப்பு செய்ததுபோல ஆகும். வாசகமே அட்டையில் அச்சடித்துக் கொடுத்தார். 'நாம் சேர்ந்து வந்த பாதை நிறைவாக முடிந்தது. இனி நான் உங்களுக்குத் தேவையில்லை. உங்கள் பாதை உங்களுக்குத் தெரியும்.' போனை வைத்ததும் எல்லாரும் கைதட்டவேண்டும்.

முதலில் உட்கார்ந்தது கவுன்சலர். ஒரு பெண் வருடக்கணக்காக அவரிடம் வந்து ஒரே புருஷனைப் பற்றி ஒரே கதையைச் சொல்கிறாளாம். அவளைத்தான் வட்டம் தேர்ந்தெடுத்தது. கவுன்சலர் வாசகத்தைப் படித்தார்.

அந்தப் பக்கத்தில் இருந்து, "நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?" என்று கேட்டது ஒரு சின்னக் குரல்.

"இல்லம்மா. நீங்க வளந்துட்டீங்க."

"அப்ப இனிமே புதன்கிழமை நான் எங்க போறது?"

கவுன்சலர் அட்டையில் தேடினார். அதற்குப் பதில் அச்சடித்திருக்கவில்லை. "உங்க பாதை உங்களுக்குத் தெரியும்" என்று கடைசி வரியைப் படித்துவிட்டுப் போனை வைத்தார். கைதட்டினார்கள். கவுன்சலர் அழுதார். விழுமியம் மேடம் அவர் கையில் காகிதக் கைக்குட்டையைத் திணித்து, "இது விடுதலைக் கண்ணீர்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண்ணை நினைத்ததும் சிரிப்பு அடங்கி, அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரையும் அறையவேண்டும்போல இருந்தது.

அண்ணியின் முறை வந்தபோது அவள் எல்லாரையும் பற்றிச் சொன்னாள். டிரைவரைப் பற்றியும் சொன்னாள். அங்கேதான் பிடித்துக்கொண்டார்கள்.

டிரைவர் பஸ் ஓட்டியவர். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கவாதம் தாக்கியது. பஸ்ஸை ஓரம் கட்டி, கைப்பிரேக் போட்டுவிட்டுத்தான் சாய்ந்தாராம். உள்ளே இருந்த ஒருவருக்கும் கீறல் இல்லை. இடது பக்கம் மொத்தமும் போய்விட்டது. அவருடைய வீட்டம்மா துணி தைத்துக் குடும்பத்தை ஓட்டினார். டிரைவரால் கிளினிக்குக்கு வரமுடியாததால், ஞாயிறுதோறும் அண்ணியே அவர் வீட்டுக்குப் போவாள். கட்டிலில் கிடந்தவரை நாலுகால் ஊன்றுகோல் பிடித்து வீட்டு நடையில் போய்வருகிற அளவுக்குக் கொண்டுவந்தாள். அங்கேயே நின்றுவிட்டது. பாதம் தொங்கும், அதைத் தாங்க ஒரு பிளாஸ்டிக் பட்டை மாட்டிவிட்டிருந்தாள்; முட்டி பின்னால் வளையும். இதற்குமேல் வராது, ஆனால் விட்டால் இதுவும் போய்விடும் என்று அண்ணிக்குத் தெரியும். எடையும் கனம். அவரைத் தாங்கிவிட்டு வருகிற ஞாயிறு சாயங்காலம் அவள் கையை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அவர் வாரம் தவறாமல் ஒன்று கேட்பார். "கோலை எப்பம்மா விடலாம்?"

"இப்ப இல்ல."

"சரி. நீங்க சொல்ற அன்னைக்குத்தான் விடுவேன். அதுக்கு முன்னாடி கடவுளே வந்து சொன்னாலும் விடமாட்டேன்." இதை அவர் விளையாட்டாகச் சொல்வதாக நாங்கள் நினைத்திருந்தோம்.

வட்டம் அண்ணியைச் சுற்றிக்கொண்டது. முன்னேற்றம் இல்லாத ஆளுக்கு ஒரு முழு மதியமா என்றார் பேச்சுப் பயிற்சிக்காரர். உங்க கை போயிட்டா மத்த நோயாளிங்க எல்லாம் என்ன ஆவாங்க என்றார் நர்ஸ். அந்தக் கேள்வி அண்ணியை உண்மையாகவே தைத்தது. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

"வேற ஒரு பிசியோ நம்பர் குடுத்திடறேன்," என்றாள் அண்ணி.

"குடுங்க. ஆனா இன்னைக்கு வேணாம், அடுத்த வாரம் அனுப்புங்க," என்றார் மேடம். "முதல்ல விடை முழுசா மனசுல இறங்கட்டும்."

"நான் வர முடியாது, கை வலிக்குதுன்னு சொல்லிடறேனே."

"அது உங்க பாரத்தை அவர் தலையில வைக்கறது. கனிவுதானே உங்க விழுமியம்?"

அண்ணி போனை எடுத்தாள். ஒரு வாரம் தள்ளிப்போடலாம் என்று நான் ஜாடை காட்டினேன். என்னைப் பார்த்தால் மனசு மாறிவிடும் என்றோ என்னவோ, அவள் அட்டையை மட்டும் பார்த்தாள்.

"சொல்லுங்கம்மா," என்றார் டிரைவர். பின்னால் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. "நாளைக்குத்தானே வருவீங்க?"

"டிரைவர் சார், நீங்க ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கீங்க."

"என்னம்மா?"

"ரொம்ப நல்லா வந்துட்டீங்க. நாம சேர்ந்து வந்த பாதை நிறைவா முடிஞ்சுது. இனிமே நான் உங்களுக்குத் தேவையில்ல."

தையல் மெஷின் நின்றது. வீட்டம்மா என்ன என்ன என்று கேட்பது கேட்டது.

"நீங்களாம்மா இதைச் சொல்றீங்க?"

"ஆமா."

"நிஜமாவா?"

அட்டையில் அதற்கும் எதுவும் இல்லை. அண்ணி மேடத்தைப் பார்த்தாள். மேடம் கண்ணை மூடித் தலையசைத்தார்.

"நிஜமா," என்றாள் அண்ணி.

அவர் விம்மி விம்மி அழுதார். அண்ணி போனை வைத்தாள். வட்டம் வழக்கத்தைவிட அதிகமாகக் கைதட்டியது. "எவ்ளோ பக்குவமா ஏத்துக்கிட்டார் பாருங்க" என்றார் கவுன்சலர். கைவிட்டுவிட்டார்களே என்று அவர் அழுததாக அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். அந்த அழுகையே அவளுக்குத் தாங்கவில்லை. அது வேறு அழுகை என்று தெரிந்திருந்தால் அந்த ஹாலில் இருந்தே ஓடியிருப்பாள்.

மறுநாள் காலையில் கிளினிக் போன் அடித்தது. டிரைவர் வீட்டம்மா. பேச்சில் கால் தரையில் பாவவில்லை.

"வாயாடி, அம்மாகிட்ட போனைக் குடு. இல்ல, நீயே சொல்லிடு. அவரு காலைல எந்திரிச்சதுல இருந்து கோலைத் தொடவே இல்ல. கால்ல மாட்டற அந்த பிளாஸ்டிக்கையும் கழட்டிப் பரண்ல போட்டாச்சு. நடைக்காரம்மா வாயால நல்லா வந்துட்டீங்கன்னு சொல்லிட்டாங்க, இனிமே என்னன்னு சொல்லிட்டாரு. ராத்திரியெல்லாம் தூங்கல, சிரிச்சுக்கிட்டே இருக்காரு. பஸ் டிப்போல அவருகூட வேல பாத்தவங்களையெல்லாம் வரச் சொல்லியிருக்கோம். தெருவுல இறங்கி நடந்து காட்டப் போறாரு."

நான் அண்ணியிடம் சொன்னேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை வருஷம் ஒரு நல்ல வார்த்தையைக் கையில் இருந்து விடாமல் வைத்திருந்தவள், முதல்தடவை ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அதை அவர் சான்றிதழாக எடுத்துக்கொண்டுவிட்டார். வேறு எந்த பிசியோ சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருக்கமாட்டார்.

"போன் போட்டு நிறுத்தச் சொல்லுங்க அண்ணி," என்றேன்.

"போன்ல சொன்னது போதும்," என்று செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கினாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் ஏற்கெனவே தெருவுக்கு வந்திருந்தார். துவைத்து இஸ்திரி போட்ட சட்டை. பழைய நண்பர்கள் சிலர், அக்கம்பக்கத்துக்காரர்கள், வாசற்படியில் வீட்டம்மா. இடது பாதம் தரையை உரசிக்கொண்டு வந்தது. அடி வைக்கும்போதெல்லாம் முட்டி பின்னால் வெட்டியது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் முகம் குப்புற விழுந்திருப்பார். சத்தம் போட்டால் திரும்புவார், திரும்பினால் விழுவார். அண்ணி ஓடவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. பின்னாலேயே போய், வீங்கிய கையால் அவர் இடுப்பைப் பிடித்தாள். யார் கை என்று பார்க்காமலே அவருக்குத் தெரிந்தது.

"பாத்தீங்களா, அம்மாவே வந்துட்டாங்க," என்றார் எல்லாரிடமும். "இந்தம்மா அவ்வளவு சீக்கிரம் நல்லா இருக்குன்னு சொல்லமாட்டாங்க. நேத்து சொன்னாங்க. சொல்லுங்கம்மா, இவங்ககிட்டயும் ஒருதடவை சொல்லுங்க."

பக்கத்துக் கடையில் இருந்து நான் ஒரு நாற்காலியை இழுத்து வந்தேன். அண்ணி அவரை அதில் உட்காரவைத்தாள். அவருக்கு எதிரில் தரையில் மண்டியிட்டாள். அவரைத் தனியாக உள்ளே அழைத்துப் போய்ச் சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் நான் நினைப்பதுண்டு. ஆனால் அவரைத் தூக்கி உள்ளே கொண்டுபோகிற வரைக்கும் அந்தப் பொய்யைச் சுமக்க அவளால் முடியவில்லை.

"நான் சொன்னது பொய்," என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை.

"உங்களுக்குக் குணமாகல. கோலை விடவே முடியாது. விட்டீங்கன்னா விழுவீங்க."

நண்பர்களில் ஒருவர், "அப்புறம் ஏம்மா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டார். கேட்ட குரலில் கோபம் கொதித்தது.

"இனிமே இவரைப் பாக்க வேணாம்னு முடிவு பண்ணேன். விடும்போது அப்படித்தான் சொல்லணும்னு சொல்லிக் குடுத்தாங்க."

டிரைவரின் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. வாயின் இடது ஓரம் எப்போதுமே கோணிக்கிடக்கும். அது மட்டும் அப்படியே இருந்தது. நல்ல கையால் சட்டைப் பொத்தானைத் தடவினார்.

"வரமாட்டேன்னு சொல்லத்தான் போன் பண்ணீங்களாம்மா?"

"ஆமா."

"அதையே சொல்லியிருக்கலாமே. சரிம்மான்னு சொல்லியிருப்பேனே."

வந்தவர்கள் ஒவ்வொருவராக அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். வாசற்படியில் இருந்து வீட்டம்மா இறங்கி வரவே இல்லை. பரணில் போட்டதை எடுக்க ஸ்டூல் தேடி உள்ளே போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை அண்ணி நடந்ததை வட்டத்தில் சொன்னாள். பூசி மெழுகாமல் சொன்னாள். எல்லாரும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு கேட்டார்கள். மேடம், "விடை கொடுத்தது சரியாத்தான் இருந்துச்சு. நீங்க திரும்பிப் போனதுதான் எல்லை மீறல். இதை ஒரு கற்றலா எடுத்துக்குவோம்" என்றார். அடுத்த ஆள் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தாயிற்று. நர்ஸ். எந்தப் பிள்ளைத்தாய்ச்சியைக் கழட்டிவிடலாம் என்று வட்டம் யோசிக்க ஆரம்பித்தது. நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். கதவைச் சாத்தும்போது நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுதினால் அச்சில் ஏறாது.

வாடகையும் கட்டுப்படியாகவில்லை, அண்ணியின் கையும் தேறவில்லை; கிளினிக்கை மூடினோம். கம்பிகளையும் கண்ணாடியையும் எதிர்ச்சாரி கிளினிக்காரர்களே எடுத்துக்கொண்டார்கள். அண்ணி ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனாள். கட்டிலுக்குக் கால்மணி, கையெழுத்து, அடுத்த கட்டில். நான் ஒரு பல் டாக்டரிடம் போன் எடுக்கிறேன். அங்கே வாயைத் திறப்பது நோயாளிகள் மட்டும்தான்.

டிரைவர் வீட்டுக்கு மட்டும் அவள் ஞாயிறுதோறும் போகிறாள். வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. கனமான வேலைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போகிறாள், அவள் சொல்லச் சொல்ல நான் தாங்குவேன். அவர் மரியாதையாகத்தான் பேசுகிறார். தூக்கச் சொன்னால் தூக்குவார், நிற்கச் சொன்னால் நிற்பார். கோலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. மாதங்கள் இப்படியே ஓடின.

போன ஞாயிற்றுக்கிழமை அவரைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, அண்ணி பாதத்தைத் தூக்கச் சொன்னாள். எப்போதும் தொங்கும் பாதம். அன்றைக்கு விரல்கள் தரையை விட்டு எழும்பின. அண்ணி குனிந்து பார்த்தாள். இன்னொரு தடவை தூக்கச் சொன்னாள், மறுபடியும் எழும்பியது. குணமாகவில்லை, கோலை விடவே முடியாது என்று அவளே தெருவில் வைத்துச் சொன்ன கால். அவள் கண் நிறைந்துவிட்டது. அத்தனை வருஷத்தில் நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

"நல்லா இருக்கு டிரைவர் சார்," என்றாள். "நிஜமா. ரொம்ப நல்லா வந்துட்டீங்க."

அவர் முகம் வெளிறிப்போனது. பாதத்தைச் சட்டென்று கீழே போட்டார்.

"அப்ப அடுத்த வாரம் வரமாட்டீங்களாம்மா?"

"இல்ல, வருவேன். நான் சொல்றது..."

"நல்லா எல்லாம் இல்லம்மா," என்று தையல் மெஷினை விட்டு எழுந்து ஓடி வந்தார் வீட்டம்மா. "இன்னைக்கு என்னமோ தெரியாமத் தூக்கிட்டாரு. நேத்தெல்லாம் தூக்கவே இல்ல. நீங்க சரியாப் பாருங்க."

அண்ணி அவர் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "இன்னும் ஒருதடவை தூக்குங்க" என்று கெஞ்சினாள். அவர் கேட்கவில்லை. நன்றாகத் தூக்கமுடிந்த காலை மரக்கட்டைபோல அவள் மடியிலேயே கிடக்கவிட்டார்.